எச்சரிக்கையின் படிகள்

கொட்டாஞ்சேனையிலிருந்து கிராண்ட்பாஸ் வழியாகக் களனி கங்கையை நோக்கிச் செல்வோர் நாகலகம் வீதியை அடைவர். அங்கே ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து காட்டும் கோல் ஒன்று உண்டு. வெயிற்காலத்தில் அதனை ஏறிட்டும் பார்ப்பார் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டிலே மழையைக் கொட்டத் தொடங்கிற்றென்றால், கொழும்பின் வடபகுதி மக்கள் அனைவரும் அந்தக் கோலின் செய்திக்காகக் காது கொடுத்திருப்பர். நீர் 5 அடியைத் தொட்டால் அது சிறுவெள்ளம். 7 அடியைத் தொட்டால் பெருவெள்ளம். 9 அடியைக் கடந்தால் அபாய வெள்ளம். 12 அடியையும் மீறினால் அதற்கு மேற்பட்ட பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். நெருக்கடி வெள்ளம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

1924ஆம் ஆண்டில் இந்நாட்டில் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1947ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைப் பற்றிப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் கொழும்பில் இருக்கின்றனர். 1989ஆம் ஆண்டு யூன் மாதத்திலும் 2016ஆம் ஆண்டு மே மாதத்திலும் களனி கங்கை கரை கடந்ததைக் கண்ணாற் கண்டவர் மிகப் பலர். ஒவ்வொரு முறையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தார் அந்தக் கோலைப் பார்த்தே பேசினர். கோலைப் பார்ப்பவர் தம்முடைய அச்சத்தை அறிவிக்கவேண்டியதில்லை. தமக்கு முந்திய இரவு உறக்கம் கெட்டதைச் சொல்லவேண்டியதில்லை. எண்ணைச் சொன்னாற் போதும். எண்ணுக்குரிய சொல்லும், சொல்லுக்குரிய செயலும் முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. மதகுகளை எப்பொழுது அடைப்பது, மக்களை எப்பொழுது எழுப்புவது என்பன வெள்ளம் வந்தபின் கூடி ஆராயும் விடயங்களாக இருத்தல் ஆகாது.

ஆயினும் இந்தப் படிவகுப்பிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆற்றுக்கும் நகருக்கும் இடையே அணைக்கட்டு இருக்கின்றது. அணையின் இப்பால் வாழ்பவனுக்குச் சிறுவெள்ளம் என்பது சிறுவெள்ளந்தான். அணைக்கு அப்பால், ஆற்றோரத்திலே குடிசை போட்டிருப்பவனுக்கோ அந்தச் சிறுவெள்ளமே அடுப்பை அணைத்துவிடும். ஒரே நீர், ஒரே எண். கேட்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் கடுமை வேறாகின்றது. எச்சரிக்கைக்குப் படி வகுக்கப் புகுந்தோர் எல்லோரும், ஆற்றுக்கு வகுத்தவராயினும் இயந்திரத்துக்கு வகுத்தவராயினும், இந்த இடத்திலேதான் தடுமாறியிருக்கின்றனர்.

இயந்திரம் என்றது கணினியை. கணினியின் உள்ளேயும் நாகலகம் வீதிக் கோலை ஒத்த ஓர் ஏற்பாடு இருக்கின்றது என்பதைப் பெரும்பாலான நேயர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று கூறும் மென்பொருளின் நடுவே, வித்துக்குள் பருப்பைப்போல் அமைந்திருக்கும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டில் எழுதுவது, வலையமைப்பிலே செய்தியை அனுப்புவது ஆகிய யாவும் அதன் ஆணையின்படியே நடைபெறும். இவற்றில் எங்கேனும் கோளாறு நேரும்போது கெர்னல் அதனை அறிவிக்கவேண்டும். எவ்வளவு உரத்த குரலில் அறிவிப்பது என்பதே கேள்வி. வட்டின் ஒரு மூலையில் எழுத்து அழிந்தாலும், மின்விசிறி சற்று மெதுவாய்ச் சுழன்றாலும், முறைமை முழுவதும் சரிந்து விழுந்தாலும் ஒரே குரலில் அலறினால், கேட்பவர் முதல்நாள் ஓடிவருவார். இரண்டாம் நாள் நடந்து வருவார். மூன்றாம் நாள் வரமாட்டார்.

இதன் வரலாறு ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்குகின்றது. 1960களில் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகமும், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும், பெல் ஆய்வுக்கூடமும் ஒன்றுசேர்ந்து மல்ற்றிக்ஸ் என்னும் மாபெரும் முறைமையை அமைக்க முற்பட்டன. 1969இல் பெல் ஆய்வுக்கூடம் அம்முயற்சியிலிருந்து விலகியது. அங்கே பணியாற்றிய கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் அதனினும் சிறியதும் எளியதுமான யுனிக்ஸ் என்னும் முறைமையை உருவாக்கினர். மல்ற்றிக்ஸில் ஏறக்குறையப் பாதி நிரல்கள் கோளாற்றிலிருந்து மீள்வதற்கென்றே எழுதப்பட்டவை. யுனிக்ஸில் அவ்வளவு கவலை வேண்டாமென்று விட்டுவிட்டனர். மீளமுடியாத கோளாறு நேர்ந்தால் கெர்னல் ஒரு சொல்லை அச்சிட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். அச்சொல்லின் பொருள் 'பீதி' என்பதாம். ஆய்வுக்கூடத்தின் நடைகூடத்திலே ஒருவர் மற்றவரைக் கூவி அழைத்து இயந்திரத்தை மறுபடி தொடக்கச் சொல்லுவார், அவ்வளவே மீட்புப்பணி. இயந்திரம் ஒன்று, அதனைச் சுற்றியிருந்தோர் சிலர், எல்லோரும் ஒரே கூரையின்கீழ் என்றிருந்த காலத்தில் அது போதியதாக இருந்தது.

பீதிக்கு அடுத்த நிலையில், சிறிய செய்திகளை அச்சிடுவதற்கும் யுனிக்ஸ் கெர்னலில் ஒரு வழி இருந்தது. அந்நாட்களிலே கட்டுப்பாட்டுத் திரை என்பது பெரும்பாலும் தாளிலே தடதடவென்று அச்சடிக்கும் பொறியாகும். கெர்னல் அதிலே ஒரு வரியை அச்சிட்டு முடிக்கும்வரை ஏனைய வேலைகள் யாவும் ஏறக்குறைய நின்றுவிடும். ஆதலின் 1970களில் வெளிவந்த யுனிக்ஸ் நிரலில், அந்த வழியை வெட்டிப் பேச்சுக்குப் பயன்படுத்தலாகாது என்று பொருள்படும் குறிப்பொன்றை எழுதியவர்களே சேர்த்துவைத்தனர். நிரல் எழுதியவர்களின் நகைச்சுவை என்று பலர் அதனைச் சொல்வதுண்டு. ஒரு சொல்லைப் பேசுவதற்கு எத்தனை வேலைகளை நிறுத்தவேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்த்தால், அது சிக்கன அறிவுரையாகவே தோன்றும்.

படிகள் என்னும் எண்ணம் கெர்னலிலிருந்து பிறக்கவில்லை. அது அஞ்சலிலிருந்து பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலே எரிக் ஓல்மன் என்பார் மின்னஞ்சலைச் சுமந்துசெல்லும் சென்ட்மெயில் என்னும் மென்பொருளை எழுதினார். அஞ்சல் அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை: வந்த கடிதம், போன கடிதம், திரும்பிய கடிதம், முகவரி தெரியாத கடிதம் என்று நாள் முழுவதும் குறித்துவைக்க ஏதாவது இருந்துகொண்டேயிருக்கும். அத்தனையையும் ஒரே பதிவேட்டில் ஒரே மையினால் எழுதினால் வேண்டியதைத் தேடி எடுக்க முடியாது. எனவே ஓல்மன் 'சிஸ்லொக்' என்னும் பதிவேட்டு முறையை வகுத்து, ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு கடுமையானது என்னும் இரண்டையும் எண்ணாகப் பொறித்தார்.

கடுமைக்கு எட்டுப் படிகள். கணினி இரண்டின் அடுக்கில் எண்ணுவதால் எட்டு அதற்கு வசதியான எண். பூச்சியம் மிகக் கடுமையானது. ஏழு மிக இலேசானது. வகுப்பிலே முதலாம் பிள்ளை என்பதுபோல எண் குறையக் குறைய மதிப்பு ஏறும். முறைமை பயன்படாத நிலையை அடைந்துவிட்டதென்பது பூச்சியம். உடனே எவரேனும் எழுந்து ஏதேனும் செய்தாகவேண்டும் என்பது ஒன்று. அதற்குக் கீழே நெருக்கடி, பிழை, எச்சரிக்கை எனப் படிப்படியாக இறங்கி, வழமையானதாயினும் கவனிக்கத்தக்கது என்னும் ஐந்தாம் படியையும், வெறுந்தகவல் என்னும் ஆறாம் படியையும் தாண்டி, பிழை தேடுபவன் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பாகிய ஏழாம் படியில் முடியும். இந்த எட்டும் பின்னர் 2001ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் இணையத்தின் பொது ஆவணங்களிலே பதியப்பெற்று உலகமெங்கும் வழக்காயின.

இந்த எட்டையும் ஊன்றிப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். பூச்சியமும் ஒன்றும் கேட்பவனுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லுகின்றன: இயந்திரம் போய்விட்டது, அல்லது, எழுந்து வா. நெருக்கடி, பிழை, எச்சரிக்கை என்னும் இடைப்படிகளோ சொல்பவனின் மனநிலையைத்தான் சொல்லுகின்றன. பிழை எங்கே முடிகின்றது, நெருக்கடி எங்கே தொடங்குகின்றது என்பதற்கு 5 அடி, 7 அடி என்பதுபோல அளவுகோல் எதுவும் இல்லை. நம் நாட்டிலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்சரிவுக்கென்று வைத்திருக்கும் மூன்று நிறங்கள் இவ்வகையிலே தெளிவானவை. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். மலைச்சாரலில் உள்ள தோட்டத் தொழிலாளிக்கு மண்ணியல் தெரியவேண்டியதில்லை. எந்த நிறத்துக்குத் தன் கால்கள் என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்தாற் போதும்.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கெர்னலை எழுதத் தொடங்கினார். சிஸ்லொக்கின் எட்டுப் படிகளும் அதற்குள்ளும் குடிபுகுந்தன. இன்று காலி வீதியோரம் வெள்ளவத்தைக் கடைகளில் அடுக்கிவைத்து விற்கப்படும் அண்ட்ரொயிட் கைப்பேசிகள் அத்தனையினுள்ளும் இயங்குவது அந்தக் கெர்னலே. ஆகவே இந்தப் படிவகுப்பு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துப் புதுமையாக நின்றுவிடவில்லை. கொழும்பில் பலருடைய சட்டைப்பையிலும் இருக்கின்றது.

லினக்ஸில் ஒரு செய்தியின் படியைத் தீர்மானிப்பவர் யார்? அந்தப் பகுதியை எழுதிய நிரலாளரே. எழுதும்போதே, 'இது நேர்ந்தால் மூன்றாம் படி', 'இது நேர்ந்தால் நாலாம் படி' என்று குறித்துவிடுவார். படி குறிக்க மறந்தாலோ, கெர்னல் அதனை வழமையாக நாலாம் படியாகிய எச்சரிக்கை என்று கொள்ளும். பெயரில்லாத விண்ணப்பத்தைக் குப்பையிலும் போடாமல், மேசையின் உச்சியிலும் வைக்காமல், நடுவே வைப்பது போன்ற நல்ல வழக்கம் அது. ஆனால் படி குறிப்பவர் தம் பகுதியை மட்டும் அறிந்தவர். வட்டைக் கவனிப்பவருக்கு வட்டே உலகம். விசிறியைக் கவனிப்பவருக்கு விசிறியே உலகம். தம் கருவியின் கோளாறே தலையாய கோளாறு என்று எண்ணுவது மனித இயல்பு. ஒவ்வொரு பாட ஆசிரியரும் தம் பாடத்துக்கே கூடுதலான நேரம் வேண்டுமென்று கேட்பதை ஒத்ததே இதுவும்.

ஓர் உதாரணம் கூறலாம். கணினியின் மையச் செயலி சூடேறி வரம்பைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்னாளில் இது அரிதாக நிகழ்வது. நிகழ்ந்தால் விசிறி பழுதுற்றிருக்கலாம் என்று ஐயுறவேண்டும். ஆகவே அதனை அறிவிக்கும் செய்திக்கு லினக்ஸ் கெர்னலிலே இரண்டாம் படி, அதாவது நெருக்கடி, குறிக்கப்பட்டிருந்தது. காலம் மாறிற்று. மெல்லிய மடிக்கணினிகள் வந்தன. அவற்றிலே வேலை திடீரென்று கூடியவுடன் செயலி சூடேறுவதும், வேகம் குறைவதும், மறுபடி ஆறுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின; அந்த இயந்திரங்களின் அமைப்பே அத்தகையது. செய்தியின் படியோ மாறாமல் நின்றது. நலமாக வேலை செய்துகொண்டிருக்கும் கணினி, 'நெருக்கடி, நெருக்கடி' என்று திரையெங்கும் எழுதிக்கொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டில் அந்தச் செய்தியை இரண்டாம் படியிலிருந்து நாலாம் படிக்கு இறக்கினார்கள். செயலியின் வெப்பநிலை குறையவில்லை; அந்த வெப்பநிலைக்கு உரிய பொருள்தான் மாறியிருந்தது. ஒருமுறை குறித்த படி என்றைக்கும் செல்லும் என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெறுங்கூச்சல் காதுக்குத் தொல்லை என்பதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. 1985ஆம் ஆண்டுக்கும் 1987ஆம் ஆண்டுக்கும் இடையே, கனடாவில் உருவாக்கப்பட்ட தெராக் 25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிரைப் பாய்ச்சியது. அவர்களுள் சிலர் அதனாலேயே உயிரிழந்தனர். அந்தப் பொறியை ஆண்ட மென்பொருளில் நிரற்பிழைகள் இருந்தன. பழைய பொறிகளில் இருந்த இயந்திரத் தடுப்புகளை நீக்கிவிட்டு மென்பொருளையே நம்பியிருந்தனர். அவையே மூலகாரணம். ஆயினும் இங்கு நோக்கவேண்டியது அது விடுத்த செய்தியை. டெக்சஸ் மாநிலத்தில் 1986ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தின்போது திரையிலே தோன்றியது 'கோளாறு 54' என்னும் இரண்டே சொற்கள். அந்த எண்ணின் பொருளை இயக்குநரின் கையேடு விளக்கவில்லை. அதனினும் கொடிது, பொறி அதனைச் சிகிச்சையை அடியோடு நிறுத்தவேண்டிய கோளாறாகக் கொள்ளாமல், சற்றே இடைநிறுத்தினாற் போதும் என்னும் கீழ்ப்படியில் வைத்திருந்தது. ஒரு விசையை அழுத்தினால் சிகிச்சை தொடரும். அத்தகைய சிறு நிறுத்தங்கள் அந்தப் பொறிகளிலே நாளொன்றுக்குப் பலமுறை நிகழ்பவை. ஒன்றினாலும் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. இயக்குநர் விசையை அழுத்தினார். உள்ளே படுத்திருந்த நோயாளியின் உடலில் இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார். அந்த இயக்குநரைக் குறைகூற ஒருவருக்கும் மனம் வராது. எச்சரிக்கையைப் புறக்கணிக்கும் பழக்கத்தை அவருக்குக் கற்பித்தது அந்தப் பொறியே.

மேற்சொன்னது படியைத் தாழ்த்திக் குறித்ததால் வந்த கேடு. கேட்பவன் நிற்கும் இடத்தை மறந்ததால் வரும் கேட்டை வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று நினைத்துப் பார்க்கலாம். அங்கே கடலுக்கும் வீடுகளுக்கும் இடையே புகையிரதப் பாதை செல்கின்றது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணிக்குச் சற்று முன்னர், 'சமுத்திர தேவி' என்னும் புகையிரதம் கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்டு இந்தப் பாதை வழியே தெற்கு நோக்கிச் சென்றது. ஏறக்குறைய அதே வேளையில், அக்கால இலங்கை நேரப்படி 6.59 மணிக்கு, சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தார் அதனை உடனே உணர்ந்து, பதினைந்து நிமிடங்களுள், 7.14 மணிக்கு, அறிக்கை ஒன்றை விடுத்தனர். அந்த அறிக்கை 'தகவல்' என்னும் படியைச் சேர்ந்தது. பசிபிக் கரைகளுக்கு அழிவு தரும் அலையின் அச்சுறுத்தல் இல்லை என்று அது கூறியது. அது கூறியது முற்றும் உண்மை. அந்நிலையத்துக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த கடல் பசிபிக் கடலே. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. 8.04 மணிக்கு விடுத்த இரண்டாம் அறிக்கையில் அதிர்வின் அளவைக் கூட்டி, அதிர்வு நேர்ந்த இடத்தின் அருகே அலை எழக்கூடும் என்றனர். அதுவும் தகவலே.

ஹவாயில் இருந்தவருக்கு ஆறாம் படி. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் காலியிலும் இருந்தவர்களுக்குப் பூச்சியம். கிழக்குக் கரையிலே அலை ஏறிய பின்னரும் மேற்குக் கரையோரத்துப் புகையிரதம் ஓடிக்கொண்டிருந்தது. மருதானைக் கட்டுப்பாட்டு நிலையத்தார் அதனை நிறுத்த முயன்றபோதும் செய்தி உரிய வேளையிற் சென்று சேரவில்லை. ஒன்பதரை மணியளவில் பெரெலியவிலே கடல் அதனை மூடிற்று. அந்த ஒரு புகையிரதத்தில் மாத்திரம் மாண்டோர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர். நாடு முழுவதிலும் மாண்டோரின் தொகை முப்பதினாயிரத்தைத் தாண்டியது. மறு ஆண்டிலே, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது.

இதன் மறுபக்கத்தையும் கொழும்பு கண்டிருக்கின்றது. 2012ஆம் ஆண்டு ஏப்ரில் 11ஆம் நாள் பிற்பகலில், அதே சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நில அதிர்வு நேர்ந்தது. இம்முறை எச்சரிக்கை உயர்ந்த படியிலே விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினர். கடல் அமைதியாகவே இருந்தது. நிலத்தட்டுகள் மேலும் கீழுமாய் நகராமல் பக்கவாட்டிலே உராய்ந்தமையால் பேரலை எழவில்லை. எச்சரிக்கை மீட்டுக்கொள்ளப்பட்டதும், வீணாக ஓடவைத்தார்களே என்று சலித்துக்கொண்டோர் உண்டு. அதனைத் தெராக் பொறியின் வீண் நிறுத்தங்களோடு ஒப்பிடுதல் பொருந்தாது. அது அரிதாக நேர்ந்தது; இது நாளொன்றுக்குப் பலமுறை நேர்ந்தது. முதலாவது வகை அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளும் ஊர்தான் அடுத்த முறையும் ஓடும்.

கெர்னலுக்கு மீள்வோம். படி குறிப்பது பாதி வேலைதான். எந்தப் படிவரை உள்ள செய்திகளைத் திரையிலே காட்டுவது என்பதை நிரலாளர் தீர்மானிப்பதில்லை. இயந்திரத்தை ஆள்பவர் தீர்மானிக்கின்றார். 'அமைதியாகத் தொடங்கு' என்று ஆணையிட்டால், எச்சரிக்கையும் அதனிலும் இலேசானவையும் திரைக்கு வரமாட்டா. பிழை முதலாக மேலுள்ள நான்கு படிகளே வரும். வராதவை அழிந்துபோவதில்லை. கெர்னலின் நினைவில் வட்டமாக அமைந்த பதிவேடு ஒன்றிலே அவை எழுதப்பட்டிருக்கும். எவரேனும் சென்று கேட்டால் அது காட்டும்; கேட்காவிட்டால் வாளாவிருக்கும். அந்த ஏடு நிரம்பிவிட்டால் பழைய வரிகளின்மேல் புதிய வரிகள் எழுதப்படும். ஆகவே வீண்செய்தி மிகுந்தால் வேண்டிய செய்தி அழியும். இதனைத் தடுக்க, ஒரே இடத்திலிருந்து ஐந்து வினாடிக்குள் பத்துக்கு மேல் செய்தி வந்தால் எஞ்சியவற்றை விழுங்கிவிடும் ஏற்பாட்டையும் கெர்னலிலே வைத்திருக்கின்றனர்.

டோர்வால்ட்ஸும் அவரோடு பணிபுரிவோரும் இன்னொன்றையும் வற்புறுத்தி வருகின்றனர். எதிர்பாராத நிலை ஒன்றைக் கண்டவுடன் கெர்னலையே நிறுத்திவிடும் கட்டளைகளைப் புதிதாக எழுதவேண்டாம். உரக்க எச்சரித்துவிட்டு இயன்றவரை தொடர்ந்து செல்க என்பது அது. பெல் ஆய்வுக்கூடத்தின் நடைகூடத்திலே கூவி அழைத்த காலத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! இயந்திரம் இன்று எங்கோ ஒரு மூலையில் இருக்கின்றது. அதனை நம்பியிருப்பவரின் தொகையை எண்ண முடியாது. மறுபடி தொடக்குவதற்கு அருகிலே எவரும் இல்லை. ஆயினும் இங்கேயும் ஆள்பவருக்கு வேறு விருப்பம் இருக்கலாம். எச்சரிக்கை எழுந்த கணமே இயந்திரத்தை நிறுத்து என்று அமைத்துவைப்போரும் உளர். நிரலாளர் எச்சரிக்கை என்று எழுதியது அத்தகைய இயந்திரத்திலே மரண ஆணையாகிவிடும்.

எழுதப்பட்டதற்கும் திரைக்கு வந்ததற்கும் உள்ள இடைவெளியைக் கொட்டாஞ்சேனை மக்கள் கணினி இல்லாமலே அறிவர். 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் காலைத் திருப்பலியின்போது குண்டு வெடித்தது. அன்று நாட்டின் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் விடுதிகளிலும் மாண்டோர் 260க்கு மேற்பட்டவர். அந்தோனியாரிடம் சமயம் பாராது செல்வது கொழும்பு மக்களின் வழக்கம். ஆகவே அந்தத் துயரம் ஒரு சமயத்தாரோடு நிற்கவில்லை.

எச்சரிக்கை வந்திருந்தது. ஏப்ரில் 4ஆம் நாளே வெளிநாட்டுப் புலனாய்வுத் துறையிலிருந்து செய்தி கிடைத்திருந்தது. ஏப்ரில் 11ஆம் நாள் பொலிஸ் திணைக்களத்தின் உயர் அதிகாரி ஒருவர் ஒப்பமிட்ட குறிப்பிலே, கத்தோலிக்க தேவாலயங்கள் தாக்கப்படக்கூடும் என்று எழுதியிருந்தது. அக்குறிப்பு முக்கிய பிரமுகர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான பிரிவுகள் சிலவற்றுக்குச் சென்றது. தேவாலயத்தின் வாயிலைத் திறந்துவைத்தவர்களுக்கு அது சென்று சேரவில்லை. அதனைக் கையில் வாங்கியவர்கள் எந்தப் படியில் வைத்துப் படித்தனர் என்பதைப் பின்னர் ஆணைக்குழுவும் நீதிமன்றமும் ஆராயவேண்டியதாயிற்று. 2023ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், ஏழு நீதியரசர் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம், கடமையிலே தவறியதால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. முன்னாள் சனாதிபதி 10 கோடி ரூபாவை இழப்பீடாகச் செலுத்தவேண்டும் என்றும், பாதுகாப்புக்கும் பொலிசுக்கும் புலனாய்வுக்கும் பொறுப்பாயிருந்த ஏனையோரும் தத்தமக்குரிய தொகையைச் செலுத்தவேண்டும் என்றும் பணித்தது.

ஆலயம் 2019ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள், அந்தோனியார் திருநாளுக்கு முந்திய நாள், மீண்டும் திறக்கப்பட்டது. அங்கிருந்து சற்றுத் தொலைவிலே நாகலகம் வீதிக் கோல் இருக்கின்றது. மழைக்காலத்தில் அதன் எண் நேரத்தோடு குறிக்கப்பட்டு அறிவிக்கப்படுகின்றது. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் ஐந்து அடிவரை காத்திருப்பதில்லை. மூன்று, நான்கு என்று கேட்கும்போதே பாயைச் சுருட்டிவிடுகின்றனர்.